தடுப்பூசி பாஸ் என்றால் என்ன? அது நம் சுதந்திரத்தைப் பறிப்பதா?

கொரோனா தடுப்பூசி போட்ட சான்றைக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்பதுதான் தடுப்பூசி பாஸ். மும்பையில் 2021 ஆகஸ்ட் 15 முதல், இரண்டாம் ஊசி போட்டு 14 நாள் ஆன பொதுமக்களை லோக்கல் ரயிலில் விட்டார்கள். நெரிசலில் தொற்று பரவக் கூடாது, அதுதான் காரணம்.

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி என்பார்கள்: ஓட்டக் கற்றுக்கொள் என்று யாரும் வற்புறுத்துவதில்லை, ரோட்டுக்கு வந்தால் கேட்பார்கள். சரி, எனக்கு இது பாதிதான் ஒட்டுகிறது. சயான் ஸ்டேஷனில் சான்றிதழ் ஜெராக்ஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கும் தாராவிக் கூலிக்காரருக்கு ரயில் என்ன விருப்பமா, பிழைப்பல்லவா? (நான் ஊசி போட்டவன்தான்.)

அப்புறம், உச்ச நீதிமன்றம் பாஸையே ஒழித்துவிட்டது என்கிறார்கள். 2022 மே 2 தீர்ப்பு சொன்னது வேறு: ஊசி போட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம்.