டெக் கேள்வி பதில்: போற இடத்துல ஏஜென்ட்டுக்கு யார் காவல்?

கேள்வி: சார், இந்த செமஸ்டர்ல மொபைல் ஏஜென்ட்னு ஒரு பாடம். ப்ரோக்ராம் தானாவே ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்குப் போய் வேலை பாக்குமாம். வைரஸ்கிட்ட இருந்து கம்ப்யூட்டரைக் காப்பாத்துறது புரியுது, கம்ப்யூட்டர்கிட்ட இருந்து ப்ரோக்ராமைக் காப்பாத்தணுமா? (கடைசி வருஷ மாணவி)

பதில்: காப்பாத்தணும், அதான் கஷ்டமே. ஃப்ளைட் டிக்கெட் விலை விசாரிச்சுட்டு வான்னு ஒரு ஏஜென்ட்டை நாலு ஏர்லைன் சர்வருக்கு அனுப்புறீங்கன்னு வைங்க. (1990கள்ல ஜெனரல் மேஜிக் கம்பெனியோட டெலிஸ்கிரிப்ட், ஐபிஎம்மோட ஆக்லெட்ஸ்னு இப்படி ஏஜென்ட் எழுதுற கருவிகளுக்கு ஒரே ஆரவாரம்.) முதல் சர்வர் 6,200 ரூபாங்குது, ஏஜென்ட் குறிச்சுக்குது. ரெண்டாவது சர்வர்காரன் அதோட மெமரியைத் திறந்து பாக்குறான், 6,200ம் இருக்கு, உங்க பட்ஜெட் 7,000ன்னும் இருக்கு. 5,500க்குக் குடுக்க இருந்த சீட்டை 6,150ன்னு சொல்லிடுவான். இன்னும் துணிஞ்சவன்னா அந்த 6,200ஐ 9,200ன்னு திருத்திட்டு தன் விலை 6,990ங்கிறான். ஏஜென்ட்டுக்கு ஒண்ணும் தெரியாது, ஏன்னா அதோட ஒவ்வொரு வரியும் ஓடுறதே அவன் சிபியுல தான், இஃப் கண்டிஷன்ல ஆமாவை இல்லைன்னு ஆக்கினாலும் ஏன்னு கேக்க அங்க ஆள் கிடையாது.

கேள்வி: மொத்தத்தையும் என்கிரிப்ட் பண்ணி அனுப்பிட்டா? (ஐடி ஊழியர்)

பதில்: ஓடணும்னா டிக்ரிப்ட் ஆகணுமே, அதாவது பூட்டினதைத் திறக்கணுமே, சாவியும் கூடவே போகணும், அதையும் அவனே எடுத்துக்குவான். டிக்ரிப்ட் பண்ணாமலே ஓட்டலாம்னு 1998ல சாண்டர், சூடின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க, ஆனா பல்லுறுப்புக்கோவை மாதிரி சில கணக்குக்குத்தான். எந்தக் கணக்குக்கும் முடியும்னு கிரெய்க் ஜென்ட்ரி வழி சொன்னது 2009ல, அதுவும் சாதாரணமா ஓட்டுறதைவிட ரொம்ப ஸ்லோ.

எனக்குப் பிடிச்சது பென்னட் யீங்கிற ஆராய்ச்சியாளரோட ஐடியா. ஏஜென்ட் ஒரு ரகசிய சாவியோட கிளம்பும் (அதோட நகல் உங்ககிட்ட இருக்கும்), முதல் சர்வர்ல வாங்கின விலைக்கு அந்த சாவியால முத்திரை, அதாவது சரிபார்க்கிற ஒரு எண், போடும், அப்புறம் அதுல இருந்தே ஒருவழி ஃபங்ஷன்ல புது சாவி செஞ்சுக்கிட்டு பழசை அழிச்சுட்டுத்தான் அடுத்த சர்வருக்குப் போகும். அங்க இருக்கிறவன் கையில கிடைக்கிறது புது சாவி மட்டும், பின்னாடி கணக்குப் போட்டு பழசை எடுக்க முடியாது, அதனால முன்ன வாங்கின விலையைத் திருத்தினா வீட்டுக்கு வந்ததும் முத்திரை ஒத்துப்போகாது, குட்டு வெளிப்பட்டுடும். ஓட்டை இல்லாம இல்ல: ரெண்டு சர்வர்காரங்க கூட்டு சேந்துட்டா, முதல் கூட்டாளி தன்கிட்ட வந்த சாவியைக் குடுத்துடுவான், அதை வச்சு நடுவுல இருக்கிறவங்க விலையை எல்லாம் புதுசா எழுதிடலாம். அதோட இது திருத்தத்தைத்தான் கண்டுபிடிக்கும், எட்டிப் பாக்குறதைத் தடுக்காது. அதனால பட்ஜெட், கார்டு நம்பர் ரெண்டையும் ஏஜென்ட்கிட்ட குடுத்தே விடாதீங்க, விலையை மட்டும் வாங்கிட்டு வரட்டும், பணத்தை வீட்ல உக்காந்து கட்டிக்கலாம்.

கேள்வி: இப்பத்தான் சிப்புக்குள்ளயே லாக்கர் வந்துடுச்சே சார்? (ஹார்டுவேர் பிரியர்)

பதில்: இன்டெல் எஸ்ஜிஎக்ஸைச் சொல்றீங்க. 2015ல வந்துச்சு, ஆபரேட்டிங் சிஸ்டத்தாலயே எட்டிப் பாக்க முடியாத ஒரு மெமரி மூலை. 2018லயே ஃபோர்ஷேடோங்கிற தாக்குதல்ல அந்த மூலையில இருந்த ரகசியத்தைப் படிச்சுக் காட்டிட்டாங்க. அப்புறம் வந்த டெஸ்க்டாப், லேப்டாப் கோர் சிப்புகள்ல இன்டெல் அதை எடுத்துடுச்சு, சர்வருக்கான ஜியான்ல இன்னும் இருக்கு. சர்வர்காரனை நம்புறதுக்குப் பதிலா சிப் செஞ்சவனை நம்புறோம், பக்கத்து ஏர்லைனைவிட அது பரவாயில்லங்கிறது என் கட்சி.

முதல்ல கேட்ட மாணவிக்கு: ப்ராஜெக்ட்னா ஜேட்ங்கிற (ஜாவால ஏஜென்ட் எழுதுறதுக்கான) ஃப்ரேம்வொர்க்ல மூணு வெர்ச்சுவல் மெஷின் வச்சு ஒண்ணை மட்டும் திருடனாக்குங்க, முத்திரை இல்லாம ஒரு தடவை, முத்திரையோட ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, வைவால கூட்டுக் களவாணி பத்திக் கண்டிப்பா கேப்பாங்க.