போக்கரில் நடுத்தரமான கையை எப்போது ஃபோல்ட் செய்ய வேண்டும்?

டாப் பேர் (மேசையிலுள்ள மிகப் பெரிய சீட்டோடு உங்கள் சீட்டு ஒன்று சேர்ந்த ஜோடி) விழுந்திருக்கிறது, ஆனால் கிக்கர் (ஜோடி சேராத உங்கள் மற்றச் சீட்டு) சுமார். எதிராளி ஒவ்வொரு சுற்றிலும் பெட் (பந்தயத் தொகை) வைத்துக்கொண்டே வருகிறார். எந்த இடத்தில் ஃபோல்ட் செய்து, அதாவது சீட்டைக் கீழே வைத்து, விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு என்று ஆடும் ஹோல்டெமில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

நம் சீட்டு எவ்வளவு பலம் என்பதை நான் அப்புறம்தான் பார்ப்பேன். நம்மைவிட மோசமான எந்தச் சீட்டுகளோடு அவர் இவ்வளவு பெரிய தொகையை வைப்பார்? இதுதான் முதல் கேள்வி.

உங்கள் கையில் கிங்-பத்து என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாப்பில் (மேசையில் விழும் முதல் மூன்று சீட்டு) பாட், அதாவது நடுவில் சேர்ந்த தொகை, 100. அவர் 50 வைக்கிறார், நீங்களும் அதே 50 போட்டுக் கால் செய்கிறீர்கள். டர்னில் (நான்காவது சீட்டு) 100, அதற்கும் கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) பாட் 400 ஆகிவிட்டது. அவர் முழு 400-ஐயும் வைக்கிறார். 400 போட்டு 800 எடுக்கப் பார்க்கிறீர்கள், அதாவது மூன்றில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும்.

மேசையில் ஸ்பேட் கிங், ஹார்ட் ஏழு, டைமண்ட் இரண்டு, டர்னில் கிளாவர் இரண்டு, ரிவரில் ஒரு எட்டு. இங்கே ஃப்ளஷுக்கும் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வழியில்லை, ஸ்ட்ரெயிட்டுக்கும் (வரிசையாக ஐந்து சீட்டு) வழியில்லை. எதையோ துரத்தி வந்து கிடைக்காமல் போன கை என்று எதுவும் கிடையாது. கிங்-ஒன்பதோ இரண்டு ஜாக்கோ வைத்திருப்பவர் ரிவரில் பெட் வைக்காமல் செக் செய்து சீட்டைக் காட்டத்தான் பார்ப்பார். அப்படியானால் 400 வைப்பது யார்? பெரும்பாலும் நம்மை ஜெயிக்கும் கை வைத்திருப்பவர்தான். நான் ஃபோல்ட் செய்துவிடுவேன்.

அதே கிங்-பத்து, அதே பெட்கள். ஆனால் ஃப்ளாப்பில் கிங்கும் ஒன்பதும் ஹார்ட், கூடவே கிளாவர் எட்டு. பின்னால் வந்தவை டைமண்ட் இரண்டு, ஸ்பேட் மூன்று. இப்போது இரண்டு ஹார்ட் வைத்திருந்தவர், ஜாக்-பத்து, ஏழு-ஆறு எல்லாம் தவறிப்போய் நிற்கின்றன. கையில் ஒன்றுமில்லாமலே பெட் வைத்து பிளஃப் அடிக்கத் தெரிந்தவர் என்றால் கால் செய்வேன். உங்கள் பத்தே ஹார்ட் என்றால் அவரிடம் தவறிய ஹார்ட் கை இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் குறையும். அதையும் கணக்கில் எடுங்கள்.

ஆளைப் பொறுத்தும் இது மாறும். இதுவரை செக், கால் என்று அமைதியாக ஆடியவர் திடீரென்று ரிவரில் ரெய்ஸ் செய்து தொகையை உயர்த்தினால் நான் யோசிக்கவே மாட்டேன், உடனே ஃபோல்ட். மூன்று நான்கு பேர் இன்னும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான், இன்னும் சீக்கிரமே விடலாம்.

செகண்ட் பேர் (மேசையின் இரண்டாவது பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி) வைத்துக்கொண்டு அடுத்த சீட்டில் தேறிவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. உதவக்கூடிய சீட்டு வழக்கமாக ஐந்துதான், ஒரு சீட்டுக்குச் சுமார் 11 சதவீதம். பாதி பாட் பெட்டைக் கால் செய்து கட்டுப்படியாகவே 25 சதவீதம் வேண்டும்.

ரிவரில் பெரிய பெட் வந்தால் விடத்தான் போகிறேன் என்று டர்னிலேயே தெரிந்து, அந்த ஆள் அதை நிச்சயம் வைப்பவர் என்றால், டர்னின் 100-ஐயே நான் போட மாட்டேன்.