அதிர்ஷ்டம் போதாது

கேள்வி: சென்ற இதழில் பெனிசிலின் பற்றிய கட்டுரையில் ‘செரண்டிபிட்டி’ என்று ஆங்கிலச் சொல்லை அப்படியே போட்டிருக்கிறீர்களே, ‘அதிர்ஷ்டம்’ போதாதா? லாட்டரி விழுந்தால்கூட ‘செரண்டிபிட்டி’ என்றுதானே கதைகளில் எழுதுகிறார்கள்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. லாட்டரிக்கு இதைப் போடுகிறவர்கள் தவறாகப் போடுகிறார்கள்.

இந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர். 1754 ஜனவரி 28 அன்று, ஃபிளாரன்ஸில் இருந்த நண்பர் ஹோரஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் இது முதலில் வருகிறது. செரண்டிப் என்பது இலங்கைக்குப் பாரசீகர்கள் வழங்கிய பெயர். அந்த நாட்டு இளவரசர்கள் மூவரின் கதையைப் படித்திருந்த வால்போல், அவர்கள் தேடாத விஷயங்களைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள் என்கிறார். தேடிப்போன பொருள் கிடைத்தால் அது இதில் சேராது என்றும் கறாராகச் சொல்லிவிடுகிறார்.

அவர் தரும் உதாரணம் இது: இந்த வழியே போன கோவேறு கழுதைக்கு வலக்கண் குருடு என்கிறான் ஓர் இளவரசன். எப்படித் தெரியும்? வலப்பக்கம் நல்ல புல் இருந்தும், இடப்பக்கத்து மட்டமான புல்தான் மேயப்பட்டிருக்கிறது. (மூலக்கதையில் அது ஒட்டகம், வால்போல் கழுதையாக்கிவிட்டார்.) நம் பழைய தமிழ்க் கதையான அலகேச கதையிலும் இந்த ஒட்டகம் உண்டு. ஒட்டகத்தைத் தொலைத்த வணிகனிடம், ‘கால் நொண்டியா, வலக்கண் குருடா, வால் குட்டையா?’ என்று நான்கு இளைஞர்கள் கேட்கிறார்கள். இவர்கள்தான் திருடர்கள் என்று அவன் ராஜாவிடம் போக, தடயங்களைப் படித்த விதத்தைக் கேட்ட ராஜா நால்வரையும் மந்திரிகளாக்குகிறார்.

அந்த வழியில் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். புல்லைப் பார்த்தவர்கள் இவர்கள்தான். 1928-ல், பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் கிருமி வளர்த்த தட்டில் பூஞ்சை விழுந்தது தற்செயல். பூஞ்சையைச் சுற்றி மட்டும் கிருமிகள் அழிந்திருப்பதைக் கவனித்து, அதன் பின்னால் போனது அவருடைய மூளை. ‘அதிர்ஷ்டம்’ என்று போட்டால் அந்த மூளைக்கு வாக்கியத்தில் இடமே இருக்காது.

வில்லியம் பாய்ட் 1998-ல் வந்த ‘ஆர்மடில்லோ’ நாவலில் இதற்கு எதிர்ச்சொல்லாக ‘செம்ப்ளானிட்டி’ என்று ஒன்றை உண்டாக்கினார். கெட்ட விஷயங்களை, எதிர்பார்த்தபடியே, திட்டமிட்டுக் கண்டடைவதாம் அது!

சரி, தமிழில் என்ன எழுதலாம்? லாட்டரிக்கு அதிர்ஷ்டம். பஸ்ஸில் பழைய சிநேகிதியைப் பார்த்தால் தற்செயல். இளவரசர்கள் செய்ததைப் போன்ற காரியத்துக்கு, இடம் பொருந்தினால் ‘தேடாமல் கண்டறிந்தார்’ என்று எழுதுங்கள். பொருந்தாத இடத்தில் செரண்டிபிட்டியே இருக்கட்டும்.