மாடி போர்ஷனை முதல்முறையாக வாடகைக்கு விடுகிறீர்களா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி போர்ஷனை முதல்முறையாக வாடகைக்கு விடப் போகிறேன். காட்பாடியில் படிக்கும் நான்கு மாணவர்கள் கேட்கிறார்கள். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் கொல்கத்தா குடும்பம் ஒன்று மூன்று மாதத்துக்குக் கேட்கிறது. எவ்வளவு வாடகை சொல்வது? பக்கத்து வீடுகளைப் போல 10 மாத அட்வான்ஸ் வாங்கலாமா? வாடகை தராவிட்டால் பூட்டுப் போடலாமா?

பதில்: பூட்டு மட்டும் போட்டுவிடாதீர்கள், அம்மா. தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்துவதும் குற்றம் உங்கள் பக்கம் திரும்பும் வழிதான். 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் நோட்டீஸ் அனுப்பி, பிறகு வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். அந்த மனுவுக்கு உயிர் கொடுப்பது ஒப்பந்தம். அதை எழுத்தில் போட்டு, இருவரும் கையெழுத்திட்டு, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையவழியாகப் பதிந்து எண் வாங்குங்கள். முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்தால் போதாது. தகராறு வரும் நாளில் அது சாட்சியாக நிற்காது.

அட்வான்ஸுக்கு சட்டம் சொல்லும் அளவு 3 மாத வாடகை. அதோடு நிறுத்துங்கள். நோயாளியோடு வந்த குடும்பத்திடம் 10 மாதம் கேட்பது நியாயமே இல்லை. பெரிய தொகை வாங்கிச் செலவழித்துவிட்டு, காலி செய்யும்போது திருப்ப முடியாமல் வீட்டுக்காரர்களே மாட்டிக்கொள்கிறார்கள்.

வாடகைக்கு அரசு விகிதம் எதுவும் இல்லை, இருவரும் பேசி முடிப்பதுதான். உங்கள் தெருவிலேயே மூன்று வீடு விசாரியுங்கள். கீழ் வீட்டு வாடகையை மொட்டை மாடிக்குக் கீழுள்ள போர்ஷனுக்குக் கேட்காதீர்கள், வேலூர் வெயிலில் மே மாதமே காலி செய்வார்கள். உதாரணமாக, 9,000 ரூபாய்க்குப் பிடிவாதம் பிடித்து ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் 9,000 நஷ்டம். 8,500-க்கு விட்டால் ஆண்டுக்கு 6,000-தான் குறையும்.

மீட்டரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். இரு குடும்பமும் ஒரே இணைப்பில் இருந்தால் யூனிட் கூடி, மேல் அடுக்குக் கட்டணம் விழும். அதை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் பல சண்டை தொடங்குகிறது. பிரிக்கும் வரை சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஆளைப் பொறுத்தவரை, மாணவர்களில் ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்காதீர்கள். நால்வரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழு வாடகைக்குப் பொறுப்பு என்று எழுதி, ஒரு பெற்றோரையாவது ஜாமீன்தாரராகச் சேருங்கள். இல்லையென்றால் பாதியில் இருவர் கிளம்பியதும் பாதி வாடகைதான் வரும். கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல் வாங்குங்கள். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் போனில் பேசுங்கள். காகிதத்தைவிட அந்தப் பேச்சு அதிகம் சொல்லும். சந்தேகம் இருந்தால் போலீஸ் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

கொல்கத்தா குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கே ஒப்பந்தம் போடுங்கள், வழக்கமான 11 மாதம் வேண்டியதில்லை. பின்னால் வங்கதேசத்திலிருந்து யாராவது வந்தால், 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை.

ஆண்டு முழுக்க வாடகை நிற்கவேண்டும் என்றால் மாணவர்களை வையுங்கள். மூன்று மாதம் கழித்து உங்களுக்கே வீடு தேவைப்படலாம் என்றால் அந்தக் குடும்பம் நல்லது. யாரானாலும் சாவி கொடுக்கும் அன்று ஃபேன், குழாய், சுவர் எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். அட்வான்ஸில் பிடிக்க அதுதான் ஆதாரம்.