படகுக்கு மறுவண்ணம்: எந்த பெயின்ட், எவ்வளவு தின்னர்?

கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுள் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, மீதமுள்ளவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

தொண்டியிலிருந்து: ஐயா, 28 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முன்பு என்ன பெயின்ட் அடித்தார்கள் என்று தெரியாது. கடைக்காரர் பாலியூரித்தேன்தான் உயர்ந்தது என்கிறார். அதை அப்படியே மேலே பூசலாமா?

எது உயர்ந்தது என்பதைவிட, கீழே இருக்கும் பூச்சோடு எது ஒத்துப்போகும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பி.யு. (பாலியூரித்தேன்) தின்னரில் நனைத்த துணியை, அமரத்தின் (படகின் பின்பகுதி) ஓரமாகக் கண்ணில் படாத ஓரிடத்தில் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். எடுக்கும்போது நிறம் குழைந்து துணியில் ஏறினாலோ, பூச்சு சுருங்கி எழுந்தாலோ, அது ஒற்றை டப்பா எனாமல் என்று கொள்ளலாம். அதன்மேல் பி.யு. போல ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் இரட்டை டப்பா பெயின்டைப் பூசினால், அதிலுள்ள வீரியமான கரைப்பான் பழைய எனாமலைக் கிளப்பிவிடும். நன்கு தேய்த்த இரட்டை டப்பா பூச்சின்மேல் எனாமல் அடிக்கலாம். மாற்றிச் செய்ய முடியாது.

பழையது எனாமலாக இருந்து, பி.யு.தான் வேண்டும் என்றால், முழுவதையும் சுரண்டி எடுத்து, எபாக்ஸி பிரைமர் கொடுத்த பிறகே பூச வேண்டும். எபாக்ஸியை மட்டும் அடித்து நிறுத்திவிடக் கூடாது. வெயிலில் அது சுண்ணாம்புபோல் வெளுத்துப் பொடியும். ஆனால் நாள்தோறும் மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு நல்ல எனாமலே போதும் என்பது என் கருத்து. கீறல் விழுந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, அடுத்த நாளே நீங்களே பூசிக்கொள்ளலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து: எல்லாப் பெயின்டுக்கும் ஒரே தின்னரை ஊற்றினால் என்ன?

கடையில் வெறுமனே ‘தின்னர்’ என்று கேட்டால் பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத்தான் எடுத்துத் தருவார்கள். அது வேகமாக ஆவியாகும் லாக்கர் வகைக்கு உரியது. எனாமலில் கலந்தால் பிரஷ் கோடுகள் மட்டமாவதற்குள் பூச்சு இறுகிவிடும். அடிப்பூச்சும் சுருங்கக் கூடும். எனாமலுக்கு மினரல் டர்பென்டைனே சரி.

பி.யு. பெயின்டில் விளைவு இன்னும் மோசமாகும். என்.சி. தின்னரிலும் எபாக்ஸி தின்னரிலும் பெரும்பாலும் ஆல்கஹால் வகைகள் இருக்கும். பி.யு. ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட், பெயின்டோடு சேர்வதற்குப் பதிலாக அந்த ஆல்கஹாலோடு சேர்ந்து செலவாகிவிடுவதால், பூச்சு எத்தனை நாள் காய்ந்தாலும் முழுமையாக இறுகாது. ஆகவே எந்த நிறுவனத்தின் பி.யு. வாங்குகிறீர்களோ, அதே நிறுவனம் அதற்கெனத் தரும் தின்னரையே வாங்குங்கள். அந்த ஹார்ட்னர் நுரையீரலுக்குக் கேடு என்பதால், காற்றுக் குழாய் இணைத்த முகமூடி இல்லாதவர்கள் பி.யு.வை ஸ்பிரே செய்யவே கூடாது; பிரஷாலோ ரோலராலோ பூசுங்கள்.

பாம்பனிலிருந்து: டர்பென்டைன் எவ்வளவு சேர்ப்பது? ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

பிரஷ் தடையின்றி ஓடுவதற்குத்தான் தின்னர். பெயின்டைப் பெருக்குவதற்கு அன்று. டப்பாவில் அச்சிட்ட அளவே எல்லை. பிரஷால் பூசும் எனாமலுக்கு அது பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம், அதாவது லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி வரை இருக்கும்.

முழு டப்பாவிலும் ஊற்றிவிடாதீர்கள். அரை லிட்டரை ஒரு மக்கில் வடிகட்டி எடுத்து, இருமல் மருந்துடன் வரும் 10 மில்லி மூடியால் அளந்து சேர்த்துக் கலக்கி, உப்புத்தாள் போட்ட பழைய ஃபைபர் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி அதில் இழுத்துப் பாருங்கள். பிரஷ் இழுபட்டு, கோடுகள் அப்படியே நின்றால் இன்னொரு மூடி சேர்க்கலாம். இரண்டொரு நிமிடத்தில் கோடுகள் தாமாக மூடிக்கொண்டு, பூச்சு வழியாமலும் நின்றால் அதுவே அளவு. வழிந்தால், டப்பாவில் தின்னர் படாமல் இருக்கும் பெயின்டைச் சேர்த்துச் சரிசெய்யலாம். முழுவதையும் ஒரே தடவையில் கலக்க வேண்டாம் என்பதற்குக் காரணமும் இதுவே.

உச்சி வெயிலில் பெயின்ட் இழுபட்டால் தின்னரைக் குறை சொல்லிப் பயனில்லை. படகின்மேல் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியாத அளவுக்குச் சூடு இருந்தால், பந்தல் போட்டு நிழலாக்குங்கள். காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்குள் நிறுத்துவது நல்லது; ஈரம் இறங்கினால் பளபளப்பு மங்கிவிடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: மண்ணெண்ணெய் கலக்கலாமா?

கூடாது. மெதுவாக ஆவியாகி, எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும். பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

முத்துப்பேட்டையிலிருந்து: எங்கள் மரவள்ளத்துக்கு ஆண்டுதோறும் மீன் எண்ணெய் பூசி வந்தோம். இப்போது பெயின்ட் பிடிக்கவில்லை.

எண்ணெய் ஊறிய மரத்தில் பெயின்ட் ஒட்டாது. மேற்பரப்பைச் சுரண்டி, டர்பென்டைன் நனைத்த துணியை அடிக்கடி மாற்றித் துடைத்து, வெளிர்மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கலப்பத்து (பலகை இடுக்குகளை அடைக்கும்) வேலை பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்து, மரம் நன்கு காயட்டும். மர பிரைமரின் முதல் கோட்டை மட்டும், அந்த டப்பா அனுமதிக்கும் உச்ச அளவுக்குத் தளர்த்தினால் மரத்துக்குள் இறங்கும். அடுத்த கோட்டுகளில் தின்னரைக் குறைத்துவிடுங்கள். ஆண்டுதோறும் எண்ணெயே பூச மனமிருந்தால் அதுவும் தவறில்லை. இரண்டையும் மாறி மாறிச் செய்வதுதான் தவறு.

தூத்துக்குடியிலிருந்து: அடிப்பகுதியில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டாமல் இருக்க என்ன பூசுவது?

தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு மட்டும், குப்ரஸ் ஆக்சைடு (செம்பு ஆக்சைடு) கலந்த ஆன்டிஃபவுலிங் பெயின்ட் தேவை. வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய வகை, 2008இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. இதில் தின்னரைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பூச்சு மெலிந்தால் செம்பின் அளவும் குறைந்து, காலமும் குறையும். தினமும் கரையேறும் படகில் கொட்டலசு வளர நேரமில்லை. பூசினாலும் மணலே உரித்துவிடும்.

கடைசியாக, கடலூரிலிருந்து: எத்தனை லிட்டர் வாங்குவது?

நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள உயரத்தால் பெருக்குங்கள். 8.5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 0.7 மீட்டர் உயரம் எனில் வெளிப்புறம் ஏறக்குறைய 14.5 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டர் எனாமல் 10 சதுர மீட்டர் பிடிக்கும் என்று வைத்தால், இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர் போதும். இரட்டை டப்பா வகையானால் அந்தந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்; ஹார்ட்னர் சேர்ந்த மீதம் மறுநாள் கல்லாகிவிடும்.