டேப் இருக்கிறது சரி, கைக்கு வருமா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மெயின்ஃபிரேம் டேப் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினிகள் தரவைச் சேமிக்கும் காந்த நாடா) பற்றியவை. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: இரவு ஷிஃப்டில் ஒரு வெளிநாட்டு வங்கிக்கு பேட்ச் சப்போர்ட் பார்க்கிறேன். ஒரு ரீஸ்டோர் ஜாப் (பேக்கப்பிலிருந்து மீட்கும் வேலை) டேப் மவுண்ட் (டிரைவில் ஏற்றுவது) கேட்டு மணிக்கணக்காக நின்றுவிட்டது. லிஸ்ட்கேட் (கேட்லாக் என்ற பதிவேட்டைக் காட்டும் கட்டளை) போட்டால் டேட்டாசெட் (மெயின்ஃபிரேம் ஃபைல்) இருக்கிறது என்றுதான் வருகிறது. பிறகு ஏன் டேப் வரவில்லை? ஜாப் போடும் முன்பே தெரிந்துகொள்ள முடியாதா? (வாசகர், தாம்பரம்)

பதில்: முடியும், ஆனால் லிஸ்ட்கேட்டை வைத்து முடியாது. கேட்லாக்குக்குத் தெரிந்ததெல்லாம், இந்தப் பெயரில் ஒரு டேட்டாசெட் ஒருநாள் இந்த வால்சரில் (டேப்பின் அடையாளக் குறி) இத்தனையாவது ஃபைலாக எழுதப்பட்டது என்பது மட்டும்தான். அந்த டேப் இப்போது லைப்ரரிக்குள் இருக்கிறதா, வெளியூர் பெட்டகத்துக்குப் போய்விட்டதா, காலாவதியாகி வேறு யாராவது மேலே எழுதிவிட்டார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ரேஷன் கார்டில் முகவரி இருப்பதால் ஆள் வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்ல முடியுமா? இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: ஆர்எம்எம் என்ற டேப் மேலாண்மை சாஃப்ட்வேர் டேப்பை ஸ்கிராட்ச் ஆக்கும்போது (மேலே எழுதலாம் என்று விடுவிக்கும்போது) கேட்லாக் பதிவை நீக்க வேண்டுமா வேண்டாமா என்பது பார்ம்லிபில் (சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் இடம்) இருக்கும் ஒரு தேர்வு. அன்கேட்லாக் வேண்டாம் என்று வைத்திருக்கும் இடங்களில் டேப் போன பிறகும் கேட்லாக்கில் பெயர் அப்படியே நிற்கும்.

அதனால் வால்சரைக் குறித்துக்கொண்டு அடுத்து டேப் மேலாண்மை சாஃப்ட்வேரிடம் கேளுங்கள். உங்கள் இடத்தில் ஐபிஎம்மின் ஆர்எம்எம் இருந்தால் லிஸ்ட்வால்யூம் கட்டளையை அந்த வால்சருக்குப் போடுங்கள். வருகிற திரையில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டேட்டஸ். மாஸ்டர் அல்லது யூசர் என்றால் நல்லது. ஸ்கிராட்ச் என்றால் ஜாப் போடுவதை விட்டுவிட்டு உடனே ஸ்டோரேஜ் அட்மினைக் கூப்பிட்டு, அந்த வால்சர் ஸ்கிராட்ச் மவுண்டுக்குப் போகாமல் தடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மேலே யாரும் எழுதாதவரை உள்ளே இருப்பதை மீட்க வாய்ப்பு இருக்கிறது. பெண்டிங் ரிலீஸ் என்றால் இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு. அடுத்து லொக்கேஷன். லைப்ரரியின் பெயர் இருக்கிறதா, ஷெல்ஃப் என்று இருக்கிறதா, லோக்கல், டிஸ்டண்ட், ரிமோட் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதோடு இன் டிரான்சிட் என்ற குறியையும் பாருங்கள். டேப் ஒரு இடத்திலிருந்து கிளம்பியாயிற்று, போய்ச் சேர்ந்ததாக யாரும் கன்ஃபர்ம் செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம், அந்த நிலையில் டேப் எங்கே என்பதற்கு சிஸ்டத்தில் பதில் கிடையாது, மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் லைப்ரரி. ரோபோ லைப்ரரி என்றால் 'டி எஸ்எம்எஸ், வால்யூம்' கட்டளை அந்த டேப் பிரைவேட்டா ஸ்கிராட்ச்சா, எந்த ஸ்டோரேஜ் குரூப், லைப்ரரிக்குள் இருக்கிறதா, பிழைக் குறி ஏதாவது இருக்கிறதா என்று சொல்லிவிடும். ஆர்எம்எம் சொல்வதும் லைப்ரரி சொல்வதும் முரண்பட்டால் லைப்ரரி பக்கம் நில்லுங்கள், கடைசியில் டேப்பைக் கையில் எடுக்கப்போவது அந்த ரோபோதான்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பெரிய பேக்கப் ஒரு டேப்பில் அடங்காது, நாலைந்து வால்யூம் ஓடும். முதல் டேப் லைப்ரரியில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஜாப் போட்டுவிடுவார்கள், மூன்றாவது டேப் பெட்டகத்தில் உறங்கும். இரண்டு டேப் படித்து முடித்த பிறகு, விடியற்காலையில், அடுத்த டேப்பை ஏற்றச் சொல்லும் ஐஇசி501ஏ செய்தி வந்து நிற்கும். எல்லா வால்சரையும் பாருங்கள், ஒன்றையும் விடாதீர்கள்.

டேட்டாசெட்டின் வால்யூம் இடத்தில் மைக்ரேட்2 என்று இருந்தால் விஷயம் வேறு: அது ஹெச்எஸ்எம் (பயன்படாத டேட்டாசெட்களை நகர்த்தி வைக்கும் சாஃப்ட்வேர்) கையில் இருக்கிறது, எந்த டேப்பில் வைத்தது என்பது ஹெச்எஸ்எம்முக்குத்தான் தெரியும். அங்கேயும் இதே கேள்விகள்தான், கேட்க வேண்டிய இடம் மட்டும் மாறுகிறது.

கேள்வி: டேப் லைப்ரரியில்தான் இருக்கிறது, பிழை எதுவும் இல்லை. ஆனாலும் ஜாப் காத்திருக்கிறது. (வாசகி, கோவை)

பதில்: இரண்டில் ஒன்று. டிரைவ் இல்லை, அல்லது அதே டேப்பை வேறொரு ஜாப் பிடித்து வைத்திருக்கிறது. 'டி யூ' போட்டால் டிரைவ்கள் ஆன்லைனா ஆஃப்லைனா, எது யாரிடம் என்று தெரிந்துவிடும். டிரைவ் கிடைக்கவில்லை என்றால் ஐஇஎஃப்238டி செய்தி டிவைஸ் பெயரையோ வெயிட், கேன்சலையோ கேட்டு நிற்கும். டேப்பை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று சந்தேகமாக இருந்தால் 'டி ஜிஆர்எஸ்' கட்டளையில் சிஸ்ஸெட்வால்ஸ் என்ற பெயரையும் வால்சரையும் கொடுத்துப் பாருங்கள், பிடித்திருக்கும் ஜாப் வெளியே வரும். ஒரே டேப்பில் இருபது சின்ன ஃபைல்களை அடுக்கி வைத்துவிட்டு, அவற்றைப் படிக்கும் ஜாப்களை ஒரே நேரத்தில் ஷெட்யூல் செய்வது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஒரு டேப்பை ஒரு நேரத்தில் ஒரு ஜாப்தான் படிக்க முடியும், மற்றவை வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: ராக்எஃப்பில் (மெயின்ஃபிரேமின் பாதுகாப்பு சாஃப்ட்வேர்) எல்லா பேரோல் டேட்டாசெட்களுக்கும் புரொஃபைல் (யாருக்கு என்ன அனுமதி என்ற விதி) எழுதி, யுனிவர்சல் ஆக்சஸை நன் (பட்டியலில் இல்லாதவருக்கு அனுமதி இல்லை) என்று வைத்திருக்கிறோம். டேப்பில் இருக்கும் நகல்களும் பாதுகாப்பாக இருப்பதாக எடுத்துக்கொள்ளலாமா? ஆடிட்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். (வாசகர், சென்னை சோழிங்கநல்லூர்)

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. தயவுசெய்து ஆடிட்டருக்குப் பதில் எழுதும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

டிஸ்க்கில் இருக்கும் டேட்டாசெட்டைத் திறக்கும்போது ராக்எஃப் கேள்வி கேட்கும், அதில் மாற்றமில்லை. டேப்பில் அப்படி இல்லை. செட்ராப்ட்ஸில் (ராக்எஃப்பின் பொது அமைப்புகள்) டேப்டிஎஸ்என் என்ற சுவிட்ச் அணைந்திருந்து, டெவ்சப் பார்ம்லிபில் டேப்ஆத்டிஎஸ்என் யெஸ் என்றும் போடாமல் இருந்தால், நீங்கள் எழுதிய டேட்டாசெட் புரொஃபைலை சிஸ்டம் டேப்புக்காகத் திறந்துகூடப் பார்க்காது. டேப்வால் கிளாஸ் (டேப் வால்யூம்களுக்கான ராக்எஃப் பிரிவு) இயங்கினால் வால்யூம் அளவில் ஒரு சோதனை நடக்கும், அதுவும் அந்த வால்சருக்குப் புரொஃபைல் இருந்தால்தான். புரொஃபைல் பட்டியலைக் காட்டி ஆடிட்டில் தேறிவிட்டு, சுவிட்சைக் கவனிக்காமல் விடுவது நிஜமான ஆபத்து. ஏனென்றால் டிஸ்க்கில் இருப்பது இன்றைய சம்பளப் பட்டியல், டேப்பில் இருப்பது பத்து வருடச் சம்பளப் பட்டியல்.

இதற்குள் இன்னொரு பழைய ஓட்டை இருக்கிறது, மெயின்ஃபிரேமில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1964-ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வழியாக வந்த டேப் லேபிள்கள் (டேப்பிலேயே எழுதப்படும் அடையாளப் பதிவுகள்) ஒவ்வொன்றும் 80 பைட், பஞ்ச் கார்டின் அளவு. அதில் ஹெடர்1 லேபிளில் டேட்டாசெட் பெயருக்கு 17 எழுத்துக்குத்தான் இடம். ஆனால் டேட்டாசெட் பெயர் 44 எழுத்து வரை போகலாம். அதனால் பெயரின் கடைசி 17 எழுத்து மட்டும் லேபிளில் ஏறும். ஒருவர் தனக்கு அனுமதி உள்ள ஒரு பெயரை, கடைசி 17 எழுத்து உங்கள் பேரோல் டேட்டாசெட்டோடு ஒத்துப்போகிற மாதிரி அமைத்து, ஜேசிஎல்லில் (ஜாப்பை விவரிக்கும் கட்டளைகள்) உங்கள் டேப்பின் வால்சரைக் கொடுத்தால் என்ன ஆகும்? ராக்எஃப் ஜேசிஎல்லில் உள்ள பெயரைப் பார்க்கும், அனுமதி இருக்கிறது என்று விடும். ஓப்பன் (ஃபைலைத் திறக்கும் சிஸ்டம் பகுதி) லேபிளோடு 17 எழுத்தை ஒப்பிடும், பொருந்துகிறது என்று விடும். இரண்டு காவலும் சரியாக வேலை செய்து, டேப் தவறான ஆளிடம் போய்விடும்.

இதை அடைப்பது டேப் மேலாண்மை சாஃப்ட்வேர். ஆர்எம்எம் தன் கண்ட்ரோல் டேட்டாசெட்டில் முழு 44 எழுத்தையும் வைத்திருக்கிறது, ஓப்பனில் அதோடு ஒப்பிடுகிறது. ஆனால் அது புரொடெக்ட் மோடில் ஓட வேண்டும். வார்னிங் மோடில் ஓடினால் ஒரு செய்தியை மட்டும் எழுதிவிட்டு உள்ளே விட்டுவிடும். நிறுவும்போது சோதனைக்காக வார்னிங்கில் வைத்து, பிறகு மாற்ற மறந்துபோன இடங்கள் இருக்கலாம், ஓப்மோட் என்ன என்று இன்றே கேளுங்கள்.

இத்தோடு முடியவில்லை. லேபிளே வேண்டாம் என்று சொல்லும் பிஎல்பி என்ற வழி இருக்கிறது. அப்படித் திறந்தால் லேபிளும் சாதாரண ஃபைல் மாதிரி ஓடிவிடும், பெயர் ஒப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபெசிலிட்டி கிளாஸில் ஐசிஹெச்பிஎல்பி புரொஃபைல் யாருக்குத் திறந்திருக்கிறது, எந்த ஜாப் கிளாஸ்கள் பிஎல்பியை அனுமதிக்கின்றன என்ற இரண்டு பட்டியலும் ஆடிட்டரிடம் போக வேண்டும். பட்டியல் ஐந்தாறு பேருக்கு மேல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

புதிதாகச் செய்வதென்றால் டேப்ஆத்டிஎஸ்என் வழியையே பரிந்துரைக்கிறேன். டிஸ்க்குக்கு எழுதிய அதே புரொஃபைல்கள் டேப்புக்கும் செல்லும், தனியாக டேப்வால் புரொஃபைல்களைப் பராமரிக்கும் தலைவலி கிடையாது. டேப்ஆத்எஃப்1 சேர்த்தால் டேப்பின் இரண்டாவது, மூன்றாவது ஃபைலைத் திறக்கிறவருக்கு முதல் ஃபைலின் மீதும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். திடீரென்று போட்டால் இரவு பேட்ச் கொத்துக் கொத்தாக விழும் என்று பயந்தால், டேப்ஆத்ஆர்சி8-ஐ வார்ன் என்று வைத்து ஒரு மாதக் கடைசிவரை ஓடவிட்டு, வருகிற எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டு ஃபெயிலுக்கு மாற்றுங்கள். ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு மாற்றுங்கள்.

கேள்வி: ரீட் அனுமதி இருக்கிறது, டேப்பைப் படிக்கத்தான் போகிறேன், ஆனாலும் 913-38 பிழையோடு ஜாப் விழுகிறது. ஏன்? (வாசகி, பெங்களூர்)

பதில்: ராக்எஃப் தரும் ஐசிஹெச்408ஐ செய்தியை முழுதாகப் படியுங்கள். கேட்ட ஆக்சஸ் என்ன, கிடைத்தது என்ன என்று இரண்டு வரி இருக்கும், எந்த கிளாஸ் என்பதும் இருக்கும். டேட்டாசெட் கிளாஸில் அனுமதி வாங்கிவிட்டு டேப்வாலில் வாங்காமல் இருக்கலாம். கேட்டது அப்டேட் என்று இருந்தால் புரோகிராம் டேப்பை இன்அவுட் (படிக்கவும் எழுதவும்) என்று திறக்கிறது, பழைய ஃபோர்ட்ரான் புரோகிராம்களில் இது சகஜம். ஜேசிஎல்லில் லேபிள் பாராமீட்டரின் நான்காவது இடத்தில் இன் என்று போட்டால் படிப்பதற்காக மட்டும் திறக்கும். அனுமதியை உயர்த்திக் கேட்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்பிடிடி (காலாவதித் தேதி) 98000 என்று ஒரு பழைய ஜேசிஎல்லில் பார்த்தேன். 1998-ல் பூஜ்யமாவது நாள் எது? (மாணவர், திருச்சி)

பதில்: அது தேதியே இல்லை. இந்த டேப் வெளியிலிருந்து வந்தது, எங்கள் டேப் பதிவேட்டைப் பார்க்காதே என்று சொல்லும் சங்கேதம். ஆர்எம்எம்மில் ஒரு எக்சிட் (அந்தந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளும் சின்ன புரோகிராம்) வழியாக இது வேலை செய்யும், அதற்கும் தனி ராக்எஃப் அனுமதி தேவை. அந்த அனுமதியை எல்லோருக்கும் திறந்து வைத்தால் மேலே சொன்ன 44 எழுத்துச் சோதனை வீண். 99365 போட்டால் எப்போதும் காலாவதியாகாது என்று அர்த்தம், அதையும் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் நிஜ டேப்பே இல்லை, எல்லாம் டிஎஸ்7700 விர்ச்சுவல் டேப் (டிஸ்க்கை டேப் போலக் காட்டும் சாதனம்). இந்தச் சோதனைகள் எங்களுக்கும் தேவையா? (வாசகர், ஹைதராபாத்)

பதில்: ஆக்சஸ் சோதனைகள் ஒன்றுகூடக் குறையாது. இசட்/ஓஎஸ்ஸுக்கு (மெயின்ஃபிரேமின் ஆபரேட்டிங் சிஸ்டம்) அது டேப்தான், அதே லேபிள், அதே 17 எழுத்து. கிடைக்குமா என்ற கேள்விதான் உருமாறுகிறது. வால்யூம் கேஷில் (அந்தச் சாதனத்தின் டிஸ்க்கில்) இருந்தால் மவுண்ட் உடனே ஆகும், பின்னால் இருக்கும் நிஜ கார்ட்ரிட்ஜுக்குப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். கிரிட் (இப்படிப்பட்ட பல கிளஸ்டர்களை இணைத்த அமைப்பு) என்றால் எந்த கிளஸ்டரில் முழு நகல் இருக்கிறது என்று பாருங்கள், நகல் டெஃபர்ட் (பிறகு எடுப்பது) என்று வைத்திருந்தால் எழுதிய கிளஸ்டர் விழும்போது மற்றதில் அது வந்து சேர்ந்திருக்காமல் போகலாம். லைப்ரரி ரிக்வெஸ்ட் கட்டளையில் எல்வால் என்று கேட்டால் இந்த விவரம் வரும். ஒரு விஷயத்தில் விர்ச்சுவல் டேப் கண்டிப்பானது: ஸ்கிராட்ச் ஆன வால்யூமை டெலிட் எக்ஸ்பயர் காலம் முடிந்ததும் அதுவே அழித்துவிடும், பிறகு மேலே யாரும் எழுதவில்லையே என்று கெஞ்ச முடியாது. அந்தக் காலத்துக்கு ஹோல்ட் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாக ஆபரேட்டராகச் சேர்ந்திருக்கிறேன். ஐஇசி507டி வந்து, யூ அல்லது எம் என்று பதில் கேட்கிறது. பக்கத்தில் சீனியர் யாரும் இல்லாவிட்டால் என்ன போடுவது? (வாசகர், மதுரை)

பதில்: எம். அந்த டேப்பில் காலாவதித் தேதி இன்னும் வரவில்லை, ஒரு ஜாப் அதன் மேல் எழுதப் பார்க்கிறது, விடலாமா என்று சிஸ்டம் உங்களைக் கேட்கிறது. யூ போட்டால் பழையது போய்விடும், எம் போட்டால் டேப் இறங்கும், ஜாப் 713 பிழையில் விழலாம். விழுந்த ஜாப்பைக் காலையில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வால்சர், ஜாப் பெயர், நேரம் மூன்றையும் ஷிஃப்ட் குறிப்பில் எழுதி வைத்துவிட்டு, டேட்டாசெட்டின் உரிமையாளர் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு யூ போடுங்கள்.