கேளுங்க சொல்றோம்: துளை எங்க போடணும்?

கேள்வி: சார், திறந்தவெளி தங்கச் சுரங்கத்துல சாம்பிள் எடுக்குற துளை எங்க போடணும்னு எப்படி முடிவு பண்றாங்க? நம்மூர்ல போர் போட தேங்காய கையில வெச்சு நடக்குற மாதிரி ஏதாச்சும் இருக்கா? — வாசகர், ஓமலூர்

பதில்: தேங்காய் இல்லைங்க, ஜியோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது எடத்துக்கு எடம் மாறுற அளவுகள கணிக்கிற புள்ளியியல். தென்னாப்பிரிக்காவோட விட்வாட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்கள்ல சாம்பிள்ல தங்கம் அமோகமா இருந்த பிளாக்க (வெட்டுறதுக்காக பிரிச்சு வெச்ச பாறைப் பகுதி) வெட்டினா எதிர்பார்த்ததுக்கு கம்மியாதான் தங்கம் வரும், மட்டம்னு நெனச்சது பரவால்லாம இருக்கும், இது ஏன்னு அங்க சுரங்க இன்ஜினியரா இருந்த டேனி கிரிகே 1951ல கணக்கு போட்டு காட்டினார், அப்புறம் பிரான்ஸ்ல ஜார்ஜ் மாத்தெரோன் அத முழு தியரியா வளத்தார், சுத்தி இருக்குற சாம்பிள வெச்சு ஒரு எடத்துல எவ்ளோ இருக்கும்னு மதிப்பிடுற அந்த முறைக்கு கிரிகிங்னு கிரிகே பேரே நிலைச்சிடுச்சு.

முதல்ல வேரியோகிராம். ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல தூரம் கூடக்கூட கிரேடு (பாறைல உலோகம் எவ்ளோ இருக்குங்குற அளவு) எவ்ளோ மாறுதுன்னு பாக்குறது, ஒரு தூரத்துக்கு மேல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. சிலியோட பெரிய தாமிரச் சுரங்கங்கள்ல கிரேடு மெதுவா மாறும், துளைய தள்ளித் தள்ளி போடலாம். தங்கம் அப்படி இல்ல, துளைலேர்ந்து எடுத்த ஒரே பாறை உருளைய (கோர்) ரெண்டா பொளந்தா ரெண்டு பாதியும் வேற வேற நம்பர் காட்டும்!

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, கிரிகிங் சொல்ற பிழை அளவு துளைங்க இருக்குற எடத்தையும் வேரியோகிராமையும் பொறுத்ததுதான், துளைல என்ன கிரேடு வரும்னு தெரிய வேண்டியதில்ல. அதனால காசு செலவு பண்ணாமலே கம்ப்யூட்டர்ல ஒரு துளை போட்டு பிழை எவ்ளோ கொறையுதுன்னு பாத்துடலாம். ஆனா இத மட்டும் நம்புனா காலியா கெடக்குற மூலைலயே போடச் சொல்லும், அது வெறும் கழிவுப் பாறைன்னு தெரிஞ்சா அங்க எதுக்கு துளை? லாரி ஆலைக்கா, கழிவு மேட்டுக்கான்னு இழுபறியா இருக்குற, கட்-ஆஃப் கிரேடு (இதுக்குக் கீழ போனா ஆலைக்கு அனுப்பி லாபமில்ல) பக்கத்துல நிக்குற பிளாக்லதான் போடணும். அதுக்குத்தான் சிமுலேஷன், இருக்குற சாம்பிளுக்கு ஒத்துப்போற மாதிரி நூறு விதமா தாதுப்படிவத்த உருவாக்கி, எங்க பாதி தாதுங்குது பாதி கழிவுங்குதோ அங்க ரிக்க நிறுத்துறது.

கேள்வி: எப்படியும் வெடி வைக்க துளை போடுறாங்களே, அந்தத் தூள டெஸ்ட் பண்ணா போதாதா? — அதே வாசகர்

பதில்: நெறைய எடத்துல அதத்தான் பண்றாங்க. ஆனா அந்தத் துளைங்க பாறைய ஒடைக்க போட்டது, நைசான தூள் காத்துல போயிடும், கீழ் பெஞ்ச் (படிக்கட்டு மாதிரி வெட்டுறதுல அடுத்த படி) பாறையும் கொஞ்சம் கலந்துடும். ஆஸ்திரேலியா கால்கூர்லி சூப்பர் பிட் மாதிரி தங்கப் படிவம் செங்குத்தா எறங்குற எடத்துல நேரா போற துளை அத தொடாமலே போயிடலாம், அங்கெல்லாம் முன்கூட்டியே சாய்வா ஆர்சி துளை (தூள் வெளிய சிதறாம குழாய்க்குள்ளயே மேல வர்ற மாதிரி போடுறது) போட்டுடறது நல்லது.